பதினொரு கிலோமீற்றர்

ரெண்டு கிழமைக்குப் படகு ஓடாது.
தண்ணி இறங்கி, துறையடியில்
முழங்கால் புதையும் சேறு.
படகுக்காரன் என்ஜினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மரியசெல்விக்குச் சீட்டுக்காசு கொடுக்க வேண்டும்.
நேரே பார்த்தால் அவள் வீட்டுத் தகரம்
வெயிலில் ஒருதரம் மின்னி அணைகிறது.
படகில் ஏழு நிமிடம்.
தண்ணியைச் சுற்றி நடந்தால்
கிளாக்கர் கணக்கில் பதினொரு கிலோமீற்றர்,
என் கணக்கில் மூன்று வாய் வெற்றிலை
ஒரு அட்டைக்கடி.

துவைத்ததைக் கொடியில் போட்டுவிட்டு இறங்கினேன்.

முதல் வளைவில் ஸ்டோர்.
நாலு மாடி. பூட்டி ஆறு வருசம்.
உள்ளே இன்னும் தேயிலை மணக்கிறது என்பவர்கள்
வெளியூர்க்காரர்கள்.
எனக்கு வௌவால் புழுக்கைதான் மணத்தது.
சல்லடைக் காம்பராவில்
இருபத்திரண்டு வருசம் தூள் தின்ற மூக்கு,
நம்பலாம்.
ரோலர்களைப் பழைய இரும்புக்கு நிறுத்து ஏற்றின அன்று
லொறி மூன்றுதரம் மேடேற முடியாமல் பின்னால் சரிந்தது.
நாங்கள் கைதட்டிச் சிரித்தோம்.
ஏனென்று கேட்காதீர்கள்.
சங்கை மட்டும் யாரும் வாங்கவில்லை,
அதன் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது.

அதைத் தாண்டினால் பழைய ரோட்டு
நடந்தபடியே தண்ணிக்குள் இறங்குகிறது,
அணை கட்டினது அதற்குத் தெரியாத மாதிரி.
இந்தக் கோடையில் ஒரு மதகும்
ஒரு மைல் கல்லும் வெளியே வந்துவிட்டன.
கல்லில் மூன்று என்று இருக்கிறது.
எந்த ஊருக்கு மூன்று என்பது
அழிந்துபோயிற்று.
மேலே ஒரு நீர்க்காகம்
ரெண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டிருந்தது.
அதற்கும் இன்றைக்குத்தான் துவைக்கிற நாள்.

யூகலிப்டஸ் நிழலில் கொழும்புச் சோடி ஒன்று.
என்ன அழகு, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றாள் அந்தப் பிள்ளை.
ஆமாம் என்றேன்.
பொய்யில்லை, மலை முழுக்கத் தண்ணியில் தலைகீழாகக் கிடந்தது,
என் கணுக்காலில் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது,
ரெண்டும் உண்மை.
படம் எடுத்துத் தரச் சொன்னார்கள்.
அவர்கள் ஆல்பத்தின் ஒரு மூலையில்
என் பெருவிரல் இருக்கும்.

அணைக்கட்டு வாசலில் குணதிலக
பையைத் திறந்து பார்த்தான், வெற்றிலையில் பாதி எடுத்தான்,
மலையைக் கண்ணால் காட்டி
“வெஸ்ஸ எனவா” என்றான்.
நான் நம்பவில்லை.

மரியசெல்வி வீடு பூட்டு.
கொழுந்து நிறுக்கப் போயிருக்கிறாள்.
படியில் உட்கார்ந்து அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவி
நிமிர்ந்தால்,
எதிரே என் வீடு.

படகில் வரும்போதெல்லாம் முதுகு காட்டி வருவோம்,
காசைக் கொடுத்த கையோடு ஓடுவோம்.
நாற்பத்தாறு வயதில் இன்றைக்குத்தான்
உட்கார்ந்து பார்க்கிறேன்:
பல் போன சீப்பு மாதிரி லயம்.
போன பல்லுக்கு அடுத்தது என்னுடையது.
இவ்வளவு சின்னதிலா
அவ்வளவு சண்டையும் போட்டோம்?
வாசலில் வெள்ளையாய் ரெண்டு புள்ளி,
மகனின் பள்ளிச் சட்டைகள்.

அப்போதுதான் மழை
மலையை விட்டு இறங்கித் தண்ணிமேல் ஏறியது.
அவசரமில்லாமல்,
என் கொடியைப் பார்த்துத்தான் போகிறது.

தவமலருக்குப் போன் போட்டேன்.
அடி, துணிய எடு, மழ வருது.
இங்க வெயிலடிக்குதேக்கா என்றாள்.
எடுடி.

ஒரு எறும்பு வாசலுக்கு வந்தது.
வெள்ளைப் புள்ளி ஒன்று காணாமல் போனது. இன்னொன்று.
உள்ளே திரும்பியது எறும்பு.
கோடியில நீலத் துண்டு கெடக்கு, அதையும் எடு என்றேன்.

எறும்பு நின்றது.

எங்கருந்துக்கா பாக்குற?

கூரையைப் பார்த்தது, ரோட்டைப் பார்த்தது,
வேலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.
நான் இந்தப் பக்கத்தில்
எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்,
நடுவில் மழை வந்து நிற்கும் வரை.